காய்ந்த கல்லில் தீட்டிய கத்தி

மகனே,

ரயில் ஏறாதே. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி. நாங்கள் சுகம், உன் சுகத்துக்கு ஆண்டவனை வேண்டுகிறோம் என்று தொடங்குவது வழக்கம். இந்தத் தடவை அந்த வரியை எழுத மனம் வரவில்லை. எழுத்துக் கோணலாக இருந்தால் அழுதுகொண்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் கை நடுக்கம் உனக்குத் தெரிந்ததுதான்.

போன கடிதத்தில் உன்னை வரச் சொன்னவனும் நான்தான். பெரிய நயினார் செத்த மூன்றாம் நாள் அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் வந்தான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு மகன்காரருக்குத் தலை வழிக்க வேண்டும், உன் கையில் இனிக் கத்தி நிற்காது, கொழும்பில் நிற்கிற உன் மகனைக் கூப்பிடு, அதற்குப் பிறகும் அவனே இங்கே நின்று வீட்டு வேலைகளைப் பார்க்கட்டும், இல்லாவிட்டால் நீ குடியிருக்கிற எங்கள் வளவுக் காணியை விட்டு எழும்பு என்று சொல்லிவிட்டுப் போனான். அன்று மத்தியானமே உட்கார்ந்து உனக்கு எழுதினேன். நீயும் உடனே பதில் போட்டாய். சலூன் முதலாளி லீவு தரமாட்டார், வேலையை விட்டுவிட்டே வருகிறேன், இந்த வயதில் நீங்கள் இரண்டு பேரும் தெருவில் நிற்க விடமாட்டேன் என்று. அந்தக் கடிதத்தை அம்மா மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்றாம் தரம் வாசிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு இதே வளவுக்காக நான் ஒருவனைக் காட்டிக் கொடுத்தேன். இப்போது அதே வளவுக்காக உன்னையும் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். முதல் ஆள் யார் என்று உனக்கு நான் ஒருநாளும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

நீ கொழும்புக்குப் போய் எழுதிய முதல் கடிதம் நினைவிருக்கிறதா? கடைக்குள்ளேயே பைப் இருக்கிறது, திருகினால் தண்ணீர் வருகிறது, கல்லை நனைக்க ஒருவரையும் கேட்கத் தேவையில்லை என்று புதினமாக எழுதியிருந்தாய். அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பக்கத்துக் கிணறு உவர். அந்தத் தண்ணீரில் கல்லை நனைத்துத் தீட்டினால் மறுநாளே கத்தியின் ஓரத்தில் பொட்டுப் பொட்டாகத் துரு ஏறும். நல்ல தண்ணீர் நயினார் வீட்டுக் கிணற்றில். அதை நாங்கள் அள்ளக்கூடாது. அந்த வீட்டு ஆள் யாராவது அள்ளி, எட்ட நின்று, நாங்கள் நீட்டுகிற சிரட்டையில் வார்க்க வேண்டும். வார்க்கும்வரை நிற்க வேண்டும். என் வாழ்நாளில் நான் கத்தி பிடித்த நேரத்தைவிடச் சிரட்டை பிடித்து நின்ற நேரம் கூட.

கல் உனக்குத் தெரிந்த கல்தான். ஒரு சாண் நீளம், சாம்பல் நிறம், ஒரு ஓரத்தில் மஞ்சள் கோடு. நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல்லில் சவரக்கத்தி தீட்ட முடியாது என்று, என்னைப் பெற்ற அப்பு வல்வெட்டித்துறையில் கப்பலோட்டுகிற தண்டையல் ஒருவரைக் கெஞ்சிப் பாய்க்கப்பலில் அக்கரையிலிருந்து கொண்டுவரச் செய்தது. அது தண்ணீர்க் கல். நனைந்திருந்தால் கத்தியின் முதுகும் வாயும் ஒன்றாகப் படுத்து வழுக்கிக்கொண்டு போகும். உருக்குத் தூள் சாம்பல் சேறாக மேலே வரும், அந்தச் சேறு வாயை மெருகாக்கும். கல் காய்ந்திருந்தால் தூள் போக வழியில்லாமல் கல்லின் கண்களை அடைத்துவிடும். கத்தி பிறாண்டும். வாயின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிர் எழும்பும். தோல்வாரில் எத்தனை தரம் இழுத்தாலும் அது விழாது, மடங்கிப் படுத்துக் கிடந்து, ஒருவனுடைய தோலில் பட்டதும் எழும்பும்.

நயினார் வீட்டில் ஒரு வழக்கம் இருக்கிறது. கலியாணமோ சாவோ, கத்தியை அவர்களுடைய முற்றத்தில், அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரில், அவர்கள் பார்த்திருக்கத் தீட்ட வேண்டும். முதல்நாள் அந்தக் கத்தி எந்தச் செத்தவீட்டில் எவனுடைய தலையில் பட்டதோ, அந்தத் துடக்கு அவர்களுடைய தண்ணீரில் போக வேண்டும். வீட்டில் எவ்வளவு நன்றாகத் தீட்டிக்கொண்டு போனாலும் அது அவர்களுக்குத் தீட்டின கத்தி இல்லை. துடக்குப் போக்குகிற தண்ணீரை நாங்கள் அள்ளவும் கூடாது, அவர்கள் அள்ளித் தராவிட்டால் குற்றமும் எங்களுடையது. இதற்குள் இருக்கிற அநியாயம் அந்த வயதில் எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே, கத்தி பிடிக்கிறவர்களில் நல்ல பரியாரி என்று பேர் எடுக்க ஆசைப்பட்டேன்.

இப்போது தகப்பனுக்கு அந்தியேட்டி செய்யப்போகிறாரே, அவருக்கு நான் சொல்கிற அந்த நாளில் கலியாணம். மாப்பிள்ளைக்கு முகம் வழித்த பிறகுதான் தலையில் பாலும் அறுகும் வைத்து முழுக்காட்டுவார்கள். நானும் உன் மாமன் கந்தனும் விடிந்ததும் போய்விட்டோம். கந்தன் உன் அம்மாவின் தம்பி, என்னைவிட இரண்டு வயதுதான் இளையவன். தாய் தகப்பன் கந்தசாமி என்று வைத்த பேரை நயினார் வீட்டில் கந்தன் என்று வெட்டினார்கள். பிறகு நாங்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டோம். நீ அப்போது அம்மாவின் வயிற்றில், ஏழு மாதம்.

பந்தலுக்கு வெளியே, முற்றத்து ஓரத்தில் கல்லை வைத்துக்கொண்டு குந்தியிருந்தேன். சிரட்டை காலி. "நாச்சியார், கல்லுக்குக் கொஞ்சம் தண்ணி" என்று இரண்டு மூன்று தரம் குரல் கொடுத்தேன். "பொறடா, இஞ்சை கையிலை வேலை கிடக்கு" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. அதோடு சரி.

"உப்பிடிக் குந்தியிருந்து கூப்பிட்டா உச்சிவெயில் வந்திடும் அத்தான்," என்றான் கந்தன். "நான் பின்பக்கம் போய்க் கேட்டுக்கொண்டு வாறன்."

"போ. ஆனா வாய் காட்டாதை."

"வாயைக் காட்டினாத்தானே விடாய்க்குத் தண்ணி தருவினம். கல்லுக்கு வாயில்லை, அதாலைதான் தருகினமில்லை." சிரித்துக்கொண்டு சிரட்டையை எடுத்துக்கொண்டு வீட்டு மூலையால் திரும்பிப் போனான்.

போனவன் வரவில்லை. மாப்பிள்ளை பலகையில் வந்து இருந்துவிட்டார். பெரியவர்கள் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவர், "என்னடா பரியாரி, நேரம் போகுது. கல்லுக்கு முன்னாலை குந்தியிருக்கிறாய், அதுக்குத் தாலி கட்டப் போறியே?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தண்ணீர் தரவில்லை நயினார் என்று சொல்லியிருக்கலாம். அது அவர்கள் வீட்டுப் பெண்களைக் குற்றம் சொன்னதாகிவிடும் என்று பயந்தேன். எங்கள் குடிசையில் என்றால் கல்லில் துப்பியாவது தீட்டியிருப்பேன். அந்த முற்றத்தில் அதை நினைக்கவும் வாய் காய்ந்துபோயிற்று. முதல்நாள் தீட்டி, மயிர் பட்டால் அறுகிற வாயோடு நான் கொண்டுபோன கத்தி அது. தீட்டாமலே வழித்திருந்தால் ஒன்றும் நடந்திராது. ஆனால் தீட்டுவதை அவர்கள் பார்க்க வேண்டுமே. காய்ந்த கல்லில் பத்துப் பன்னிரண்டு தரம் இழுத்தேன். நல்ல வாயை நானே கெடுத்தேன். கீச்சென்று சத்தம் பல்லில் ஏறிற்று. நகத்தில் வைத்துப் பார்த்தேன், பிசிர் தட்டுப்பட்டது. தட்டுப்பட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். தெரிந்துகொண்டுதான் அந்தக் கத்தியோடு எழும்பிப் போனேன்.

இடது கன்னம் முடிந்தது. நாடிக்குக் கீழே, வளைவில், பிசிர் எழும்பியது. சின்னக் காயந்தான், ஆனால் பிசிர் வாய் கிழித்த காயம். இரத்தம் வண்ணான் விரித்த வெள்ளையில் விழுந்தது. ஒரு துளி, பிறகு இரண்டு மூன்று. பெரிய நயினார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேரே கல்லிடம் போய்க் குனிந்து விரலை வைத்துத் தேய்த்தார். விரல் கறுத்தது.

"கல்லு காஞ்சு கிடக்கு. எந்தச் செத்தவீட்டுக் கத்தியடா உது? ஆரடா தீட்டினது?"

அந்த நேரம் பார்த்துக் கந்தன் வீட்டு மூலையால் வந்துகொண்டிருந்தான். இரண்டு கையாலும் சிரட்டையைப் பிடித்து, சிந்தாமல், அடி எண்ணி நடந்து வந்தான்.

நான் கையை நீட்டினேன். "உவன்தான் நயினார்."

தண்ணீரைக் கையில் வைத்திருக்கிறவனைப் பார்த்து, தண்ணீர் இல்லாமல் தீட்டினவன் அவன்தான் என்று சொன்னேன் மகனே. நான் என்று சொன்னால் வளவை விட்டு எழுப்பிவிடுவார்கள் என்ற பயம். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் கண் இருந்தது. வண்ணானுக்கு இருந்தது. நான் குந்தியிருந்து கல்லில் இழுத்ததைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கும் இருந்தது. ஒருவராவது அந்தச் சிரட்டையைக் காட்டி ஒரு சொல் கேட்கவில்லை. அவர்களுக்கு அடிக்க ஒருவன் வேண்டியிருந்தது, நான் ஒருவனைக் காட்டிவிட்டேன், அவ்வளவு போதும். கந்தன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு குனிந்து சிரட்டையைப் பூவரசின் வேரோடு சார்த்தி, சரிந்துவிடாமல் வைத்தான். இல்லை என்று சொல்லவில்லை.

என் தோல்வார் அந்தப் பூவரசில்தான் கட்டியிருந்தது. நயினாரின் மருமகன்மாரில் ஒருவன் அதை அவிழ்த்து எடுத்தான். வாரின் நுனியில் மாட்டுவதற்கு ஒரு இரும்பு வளையம் இருக்கும், உனக்குத் தெரியும். நான்காவது அடியோ ஐந்தாவது அடியோ, வளையம் கந்தனுடைய கண்ணில் விழுந்தது. அவன் போட்ட சத்தத்தை நான் கேட்டேன். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேள். அடைப்பப் பையிலிருந்து மற்றக் கத்தியை எடுத்து, அவன் கொண்டுவந்து வைத்த தண்ணீரில் கல்லை நனைத்து, தீட்டிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் வலது கன்னம் மிச்சம் கிடந்தது, நேரம் தவறக்கூடாது என்றார்கள். அந்தக் கன்னத்தை ஒரு கீறல் இல்லாமல் வழித்து முடித்தேன்.

மாட்டுவண்டியில் கந்தனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்ணைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். வீட்டுக்கு வந்த அன்று உன் அம்மா அழுது முடித்துவிட்டு அவனைத் திட்டிப் பேசத் தொடங்கினாள். "தண்ணி இல்லாமத் தீட்டுவியே மடையா? பிறந்ததிலை இருந்து இந்தத் தொழிலைப் பாக்கிறாய், உது தெரியாதே உனக்கு?" நான் பக்கத்தில் நின்றேன். கந்தன் என் பக்கம் திரும்பவேயில்லை. "அவசரத்திலை செய்திட்டன் அக்கா" என்றான். அதற்குப் பிறகு பத்து வருடம் ஊரெல்லாம் அவனைக் கல்லை நனைக்கத் தெரியாத பரியாரி என்று சொல்லிற்று. பனங்கருக்குக் கிழித்துக் கண் போனது என்று உனக்கு நாங்கள் சொன்னது பொய்.

ஒற்றைக் கண்ணனிடம் முகத்தைக் கொடுக்க ஒருவரும் வரவில்லை. அவன் வீட்டிலிருந்து கத்தி தீட்டினான். எங்கள் ஆட்களின் கத்திகளெல்லாம் அவனிடம் வந்தன. கண்ணை நம்பாமல் காதைக் கல்லுக்குக் கிட்டச் சரித்து வைத்துக்கொண்டு தீட்டுவான். மாமா கல்லோடை கதைக்கிறார் என்று நீ சொல்வாய். அவனைப்போல் தீட்ட இந்த வலிகாமத்தில் ஒருவரும் இல்லை என்பதை நான் அவன் இருந்த காலத்தில் ஒருதரமாவது வாய் திறந்து சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். கள்ளுச் சீவல் தொழில் செய்கிற ஒருவன், தாய் செத்து, தலை வழிக்க வேண்டுமென்று எங்கள் வேலிப் படலைக்கு வெளியே வந்து நின்றான். நான் முடியாது என்றேன். அவனுடைய சாதிக்கு நாங்கள் கத்தி எடுப்பதில்லை. எங்களை முற்றத்து ஓரத்தில் குந்தவைத்தவர்கள் எங்களுக்குக் கீழேயும் ஒருவனை வைத்திருந்தார்கள், அவனைப் படலைக்கு வெளியே நிற்கவைப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. இதைவிட நேராகச் சொல்லத் தெரியவில்லை. கந்தன் எழும்பிப் போய்ப் பனங்கூடலுக்குள் வைத்து அவனுக்கு வழித்துவிட்டு வந்தான். அந்தக் கத்தியை என் கல்லில் வைக்காதே என்று நான் கத்தினேன்.

"கல்லு சாதி கேக்காது அத்தான்," என்றான். "தண்ணிதான் கேக்கும். அதைக் குடுக்க உங்களுக்குத்தான் தெரியேல்லை."

அந்த ஒரு தரந்தான். அந்த ஒரு சொல்லுக்குமேல் அவன் என்னைக் குத்திக் காட்டியதில்லை. உனக்குப் பத்து வயது நடக்கும்போது காய்ச்சலில் போய்விட்டான்.

நேற்றுக் காலை நயினார் வீட்டுக்குப் போனேன். மகன்காரர் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். நான் வழக்கம்போல் முற்றத்தில் நின்றேன்.

"என்ன, பெடியன் எப்ப வாறான்?"

"வரமாட்டான் நயினார். வர வேண்டாமெண்டு எழுதப் போறன்."

"அப்ப வளவு?"

"விடுறன்."

"ஓகோ. மகனுக்கு அடிச்ச கொழும்புக் காத்து இஞ்சையும் அடிக்குது போலை."

"இன்னொண்டு நயினார். உங்கடை கலியாணத்தண்டு கல்லை நனைக்காமல் கத்தி தீட்டினது நான். கந்தன் இல்லை. அவன் தண்ணிக்குப் போனவன்."

அவர் நாடியைத் தடவினார். தழும்பு இன்னும் இருக்கிறது. வெள்ளையாக, ஒரு நெல்லு நீளம்.

"ஆரடா கந்தன்?"

"உங்கடை முற்றத்திலை கண் போனவன்."

"உதெல்லாம் ஆருக்கு நினைவு? இது நான் சைக்கிளாலை விழுந்த காயமல்லோ?" என்றார். பொய் சொல்லவில்லை மகனே. அவருடைய முகத்தை முப்பது வருடமாக வழிக்கிற குடும்பம் நாங்கள், அந்த முகத்தில் பொய் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். மெய்யாகவே மறந்துவிட்டார். ஒரு மனிதனுடைய கண்ணும், இருபத்திரண்டு வருடம் நான் நெஞ்சுக்குள் வைத்திருந்த பாவமும், அவருக்குச் சைக்கிளில் விழுந்த கதையாகிவிட்டது. இந்த மனிதருக்குப் பயந்துதான் நான் கையை நீட்டினேன். இந்த வீட்டுக்குத்தான் உன்னை வரச் சொல்லி எழுதினேன்.

திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சொல்லி முடித்த பிறகும் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். சுளகு முழுவதும் முடிந்த பிறகுதான் வாய் திறந்தாள்.

"நான் அவனை மடையன் எண்டு பேசினனான். சோத்தைப் போட்டுப் போட்டுப் பேசினனான்."

நான் சுளகை வாங்கக் கையை நீட்டினேன். அவள் தரவில்லை.

"அவன் வாய் திறக்காமல் விட்டது உங்களுக்காக இல்லை," என்றாள். "என்ரை வயித்திலை கிடந்த பிள்ளைக்காக. பெடியனுக்கு எழுதுங்கோ. ஒண்டும் விடாமல் எழுதுங்கோ."

அவள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை உடுப்பிட்டிக்கு, தமக்கை வீட்டுக்குப் போகிறாள். என்னை வரச் சொல்லவில்லை. வர வேண்டாமென்றும் சொல்லவில்லை. சட்டி பானை தூக்க ஒரு ஆள் வேண்டும், தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். எங்களுக்காக நீ வேலையை விட்டு வந்தால், கந்தன் எதற்காக வாயை மூடிக்கொண்டு செத்தானோ அதை நீ கொண்டுவந்து நயினாரின் காலடியில் போட்டதாகும். எனக்கு மன்னிப்பு வேண்டாம். நீ தருவதற்கும் அது உன்னுடையதில்லை.

கொழும்பில் சுருட்டுக்கடை வைத்திருக்கிற நம் ஊர்க்காரர் ஒருவர் அடுத்த கிழமை திரும்பிப் போகிறார். சுருட்டுக் கட்டுகளோடு கல்லையும் ஒரு கத்தியையும் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். யுத்தம் முடியும்வரை ஜெர்மன் கத்தி வராது, கவனமாகப் பாவித்துக்கொள். மாப்பிள்ளையைக் கிழித்த கத்தியை நான் அனுப்பவில்லை. கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. கந்தன் கடைசியாகத் தீட்டிய மாதங்களில் அதைத் தேய்த்து மட்டமாக்க அவனுக்குப் பலம் இருக்கவில்லை, பிறகு எனக்கு மனம் வரவில்லை, ஓரங்களிலேயே தீட்டிக் காலத்தை ஓட்டினேன். மாமாவின் நினைவு என்று அந்தப் பள்ளத்தை நீ வைத்துக்கொண்டிராதே. சிமெந்து நிலத்தில் மணலைப் போட்டுத் தேய்த்து மட்டமாக்கு. பள்ளக் கல்லில் வாய் நேராக வராது என்று, இருந்திருந்தால் அவனே முதலில் உன்னைப் பேசுவான். உன் கதிரையில் வந்து இருக்கிறவனை எந்த ஊர், ஆருடைய மகன் என்று விசாரியாதே. நானே வந்து பக்கத்தில் நின்று கேட்டாலும் சொல்லாதே.

தீட்ட முன்னம் பைப்பைத் திருகு. கல் நிறையத் தண்ணீர் விடு, வழிந்து ஓடினாலும் ஓடட்டும். கந்தன் அன்று கொண்டுவந்தது அரைச் சிரட்டை. அதற்காக ஒரு மனிதன் அந்தப் பெரிய வீட்டைச் சுற்றிப் போய், கிணற்றடியில் கெஞ்சி நின்று, ஒரு துளி சிந்தாமல் நடந்து வந்தான். நீ யாரும் வார்க்கும்வரை நிற்காதே.

அப்பா